அமாவாசையில் அளந்த காற்று

என் மனைவிக்கு வாட்ஸ்அப்பில் வரும் நிறங்களின் மேல் நம்பிக்கை கிடையாது. மகளின் முகூர்த்தப் புடவை காஞ்சிபுரத்தில்தான் நெய்யப்பட வேண்டும், அதுவும் தன் சொந்தக் கல்யாணப் புடவையின் அரக்கு நிறத்திலேயே இருக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். கடைக்காரர் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்தாள். ஒன்று செங்கல் மாதிரி இருக்கிறது, இன்னொன்று பீட்ரூட் மாதிரி இருக்கிறது என்றாள். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து அவள் நடக்கப் பழகிக்கொண்டிருந்த நேரம் அது. ஆகவே பழைய ரவிக்கையிலிருந்து வெட்டிய உள்ளங்கை அகலத் துணியோடு, மலேசியாவின் கிள்ளானிலிருந்து கடல் தாண்டி நான் அனுப்பி வைக்கப்பட்டேன். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும்போது பக்கத்தில் நின்று, துணியை ஒட்டிப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். நெசவு பிறகு நடக்கும், புடவை பார்சலில் வரும். முப்பது வருட இல்லறத்தில் எனக்குத் தரப்பட்ட பெரிய பொறுப்பு இது ஒன்றுதான்.

பெட்டியில் அந்தத் துணியோடு என் காற்றளக்கும் கருவியும் இருந்தது. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். காற்றில் தூசும் புகையும் எவ்வளவு என்று பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்குக் காட்டும். எங்கள் ஊரில் சில வருடங்கள் அண்டை நாட்டில் காடு எரிந்து, அந்தப் புகை கடவுச்சீட்டு இல்லாமல் எங்கள் வீட்டுக்குள் வந்து வாரக்கணக்கில் தங்கும். பள்ளிக்கூடங்களை மூடிவிடுவார்கள். எனக்கோ சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு, மூச்சு மருந்து எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். அப்படி ஒரு புகை வருடத்தில் வாங்கிய கருவி அது.

வேலையில் இருந்தவரை நான் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். ரப்பர் கையுறைக்குள் காற்றடைத்து, ஓட்டை இருக்கிறதா என்று சோதிப்பது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகு சோதிக்க ஒன்றுமில்லாமல் தவித்தவனுக்குக் கருவி கிடைத்தால் கேட்கவா வேண்டும்? போகிற வீட்டிலெல்லாம் அளந்தேன். மைத்துனர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில், ஹோமம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து, காற்று ஆபத்தான நிலையில் இருக்கிறது என்று சபையில் அறிவித்தேன். அதிலிருந்து உறவினர்கள் எங்களுக்கு அழைப்பிதழைத் தபாலில்தான் அனுப்புகிறார்கள்.

திங்கட்கிழமை சென்னையிலிருந்து பேருந்தில் போனேன். சன்னல் பாதியில் சிக்கிக்கொண்டு, திறக்கவும் இல்லை மூடவும் இல்லை. லாரிப் புகை முழுவதும் என் ஒருவனுக்கே வந்துகொண்டிருந்தது. கருவி சிவப்பில் துடித்தது. நடத்துநர் குனிந்து பார்த்து, "இன்னா சார் அது, செல்லு சார்ஜரா?" என்றார். காற்றை அளக்கிறது என்றேன். அவர் சற்று யோசித்தார். "டயர்ல இருக்கிற காத்தையும் அளக்குமா? பின் டயர்ல எனக்கு ஒரு டவுட்டு இருக்குது" என்றார். அளக்காது என்றதும் அவருக்கு என் கருவியின் மேலிருந்த மரியாதை போய்விட்டது. ஆனால் அவருடைய சந்தேகம் சரியானது. ஊருக்கு ஆறு மைல் முன்னாலேயே பின் டயர் இறங்கி, நாங்கள் அத்தனை பேரும் வெயிலில் நின்றோம்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சிறிய லாட்ஜில் அறை. பேருந்து நிலையத்திலிருந்து என்னை அங்கே கொண்டுசேர்த்த ஆட்டோக்காரர் அன்பு, அதன் பிறகு ஆறு நாளும் என்னை விடவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, ஊரில் நல்ல காற்று எங்கே கிடைக்கும் என்று அவரைக் கேட்டேன். அவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"சார், நீங்க ஊரு மாறி வந்துட்டீங்க. அஞ்சு பூதத்துல இங்க இருக்கிறது மண்ணு லிங்கம். ஏகாம்பரநாதர் கோயில்ல போயி பாருங்க, மண்ணுதான். காத்துக்கு காளாஸ்திரி போவணும். ஆந்திரா பார்டர். வேணும்னா கூட்டிக்கினு போறேன்."

புடவை விஷயமாக வந்திருக்கிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். வரதராஜப் பெருமாள் கோயிலில் கூட்டம். ஒரு மண்டபத்தூண் ஓரமாக நின்று, கற்பூரப் புகைக்கு என்ன காட்டுகிறது என்று பார்க்கக் கருவியை எடுத்தேன். சிவப்பு. பக்கத்தில் நின்ற அம்மாள் என்ன ஏது என்று விசாரித்தார். சொன்னேன்.

"கோயிலுக்குள்ளயே காத்து கெட்டுக்கெடக்குதுன்றியா? அப்போ பெருமாளு எத்தினி காலமா எதை இழுத்து வுட்டுக்கினு இருக்காரு?" என்று கேட்டார். அவர் என் கையிலிருந்த கருவிக்குத் திருநீறா, திருமண்ணா எது பொருத்தம் என்று பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரிசையில் முன்னேறினார்.

வெளியே வந்து கோயில் இட்லி வாங்கினேன். மிளகும் சுக்கும் போட்டுக் மூங்கில் குடலையில் வேகவைத்து, ஆப்பிள் பழம் நறுக்குவதுபோல் நறுக்கிக் கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் இட்லி என்றால் சட்னியில் மிதக்க வேண்டும். இது மிதக்காது, கரையிலேயே நிற்கும் இட்லி. சுக்குக் காரம் மூக்கைத் திறந்துவிட்டது. அன்று முழுவதும் எனக்கு மூச்சு நன்றாக வந்ததற்கு அந்த இட்லிதான் காரணம் என்று நினைக்கிறேன். இட்லி ஆவிக்கும் கருவி சிவப்பு காட்டியது. ஆவிக்கும் புகைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது என்பதை அங்கேயே நான் கவனித்திருக்க வேண்டும்.

மாலையில் அன்பு என்னைத் திருப்பருத்திக்குன்றத்துக்கு அழைத்துப்போனார். சமணர் கோயிலில் எங்களைத் தவிர யாருமில்லை. பிராகாரத்தில் உட்கார்ந்து கருவியைக் கல்லின் மேல் வைத்தேன். இந்தியாவில் முதல் முறையாகப் பச்சை. அன்பு அதைக் கையில் எடுத்து, தன் வாயருகே வைத்து ஊதிப் பார்த்தார். அப்போதும் பச்சைதான். "நம்ம உள்ளார சுத்தமாத்தான் சார் இருக்குது" என்று திருப்தியோடு திருப்பிக் கொடுத்தார். மதியம் அவர் குடித்த மூன்று பீடிகளைப் பற்றி நான் பேசவில்லை.

புதன்கிழமைதான் இந்திராவைப் பார்த்தேன். லாட்ஜில் அறைகளைப் பெருக்கித் துடைப்பவர் அவர். நாற்பது வயது இருக்கும். காலையில் அவர் பெருக்க ஆரம்பித்ததும் மேசைமேல் இருந்த கருவி சிவப்பாகி, கீச்சுக் கீச்சென்று கத்தியது. அவர் துடைப்பத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டார்.

"நான் எதையும் தொடலை சார்."

நான் விளக்கிச் சொன்னேன். அவர் வாசலுக்குப் போய் நின்றார், விளக்கு மெதுவாக மஞ்சளுக்கு இறங்கியது. திரும்ப வந்து துடைப்பத்தை ஒரு வீச்சு வீசினார், சிவப்பானது. மறுபடி வெளியே போனார். இப்படி நான்கு முறை செய்து பார்த்தார். தரம் பார்க்கும் பிரிவில் என்னிடம் இருந்த எந்த ஆளும் இவ்வளவு கவனமாகச் சோதித்ததில்லை.

"அப்போ கெட்ட காத்துன்னா இது காட்டிக் கொடுத்துடும், இல்லீங்களா?" என்றார்.

"கண்டிப்பாக."

"பொய் சொல்லாதுல்ல?"

"கருவி எதற்கம்மா பொய் சொல்லப்போகிறது?"

அதைக் கேட்டதும் அவர் சாரிலிருந்து அண்ணாவுக்கு மாறினார். அவருடைய கணவர் ஏழுமலை சாயப்பட்டறையில் வேலை செய்கிறார். பதினைந்து வருடங்களாக அண்டாவின் பக்கத்தில் நிற்கிறார். இரண்டு வருடமாக இருமல். இப்போது மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார்ந்துவிடுகிறார். பேச்சும் நாலு வார்த்தைக்கு ஒரு முறை நின்றுவிடுகிறது. ஆஸ்பத்திரியில், புகையும் ஆசிட் ஆவியும் போகும் வழியில்லாத இடத்தில் நிற்கக் கூடாது, இப்படியே போனால் படுத்துவிடுவார் என்று சொல்லிவிட்டார்கள். வேறு வேலை தெரியாது. பட்டறைக்குப் பின்சுவரில், அண்டாவுக்கு நேராக ஒரு சன்னல் திறந்தால் போதும் என்று முதலாளியிடம் ஒரு வருடமாகக் கெஞ்சுகிறார்கள்.

"மொதலாளி ஒத்துக்க மாட்டேன்றாரு அண்ணா. காத்து பூந்தா கலரு திட்டுத் திட்டா புடிக்கும்ன்றாரு. எங்க வூட்டுக்காரருக்கு பீடிதான் காரணம்ன்றாரு. அவுரு ஜென்மத்துக்கும் பீடிய தொட்டதில்ல. இந்த மிஷினு வந்து சொல்லிச்சுன்னா எதிர்த்துப் பேச முடியாதுல்ல?"

எனக்கு உடம்பெல்லாம் ஒரு பெருமிதம் பரவியது. மைத்துனர் குடும்பம் மதிக்காத என் கருவியை உலகம் மதிக்கும் நாள் வந்துவிட்டது. பட்டறை எது என்று கேட்டேன். என் மகளின் புடவைக்குக் கடைக்காரர் சாயம் ஏற்றச் சொல்லியிருந்த அதே பட்டறை.

அன்றே போய் முதலாளி தணிகாசலத்தைப் பார்த்தேன். பட்டறைக்கு முன்னால் ஓர் ஓட்டுச் சார்ப்பில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், வாயில் ஏலக்காய். மனைவி கொடுத்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வெள்ளிக்கிழமை காலை இந்த நிறத்தைப் போட்டுவிடலாம் என்றார். நான் கருவியை எடுத்துப் பேச்சைத் தொடங்கினேன். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மிகவும் மகிழ்ந்துபோனார்.

"தாராளமா வச்சிப் பாருங்க சார். செவப்பு எரிஞ்சா நானே கடப்பாரைய எடுத்து செவுத்த ஒடைக்கிறேன். பச்ச எரிஞ்சா இனிமே இதப் பத்தி யாரும் வாயத் தொறக்கக் கூடாது. நாளைக்கி காலைல வாங்களேன், நான் ஃப்ரீயாத்தான் இருப்பேன்."

இவ்வளவு நியாயமான மனிதரை இந்திரா தப்பாகச் சொல்லிவிட்டாரே என்று கூட எனக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை காலை தெருவே அமைதியாக இருந்தது. இரண்டு நாளாக என்னை எழுப்பிக்கொண்டிருந்த தறிச் சத்தம் இல்லை. வாசல்களில் கோலமும் இல்லை. எவ்வளவு நிம்மதியான ஊர் என்று மனைவிக்குச் செய்தி அனுப்பினேன். பட்டறைக்குப் போனேன். தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். செப்பு அண்டாக்கள் புளி போட்டுத் தேய்த்துப் பளபளத்தன, ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். ஏழுமலையை அப்போதுதான் முதலில் பார்த்தேன். தலைக்குக் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, ஒல்லியாக, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் என்னை எவ்வளவு நம்பினார் என்பது இப்போது நினைத்தாலும் எனக்கு உறுத்துகிறது.

அடுப்பு எரியவில்லை என்பது என் கண்ணில் படாமல் இல்லை. ஆனால் கையில் கருவி இருப்பவனுக்குக் கண் எதற்கு? எங்கள் ஊர்ப் புகைக்கு நெருப்பு பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. அது எங்கோ எரிந்து, எப்போதோ வந்து, போகாமல் உட்கார்ந்திருக்கும். கெட்ட காற்று என்றால் அப்படித்தான், சுவரிலும் கூரையிலும் ஒட்டிக்கொண்டு இருக்கும் என்றே நான் நினைத்திருந்தேன். கருவியை அண்டாவின் விளிம்பில் வைத்தேன். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

பச்சை.

இடம் மாற்றி வைத்தேன். மூலையில் வைத்தேன், தரையில் வைத்தேன், ஸ்டூலில் ஏறிக் கூரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். எங்கும் திருப்பருத்திக்குன்றத்துப் பச்சை. தணிகாசலம் பச்சை விளக்கோடு என்னையும் சேர்த்துப் படம் எடுத்தார். "மலேசியா எக்ஸ்பர்ட்டு" என்று யாருக்கோ போனில் சொன்னார். வடை பாயசத்தோடு எனக்கு இலை போட்டார்கள். நான் சாப்பிட்டேன். பாயசம் இரண்டு முறை வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை இந்திரா வந்தார். என்னைப் பார்க்காமல் பெருக்கினார். கருவி கத்தியது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"என்னம்மா, கோபமா?" என்றேன்.

"அமாவாசையில போயி அளந்துட்டு வந்தீங்களே அண்ணா" என்றார். "அமாவாசைக்கி இந்த ஊர்ல ஒரு தறி ஓடாது. ஒரு பட்டறையில அடுப்பு பத்தவைக்க மாட்டாங்க. கழுவி வுட்டு சாமி கும்புடுவாங்க. பச்சக்கொழந்தைக்குக்கூட தெரியும்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் அமாவாசை உண்டு. அன்று எனக்கு முட்டை கிடைக்காது, அவ்வளவுதான் தெரியும். ஒரு ஊரே அன்று வேலையை நிறுத்தும் என்று யார் சொன்னார்கள் எனக்கு? பிறகு அந்தக் கேள்வி எனக்கே வெட்கமாக இருந்தது. நான் யாரையும் கேட்கவும் இல்லையே.

"உங்க வீட்டுக்காரர் அங்கேதானே நின்றார்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நானும் அதத்தான் கேட்டேன். பதினஞ்சு வருசப் பொகையாச்சே, மிஷினுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன்றாரு. எக்ஸ்ரே மாதிரி உள்ள இருக்கிறதெல்லாம் தெரியும்னு நெனச்சாராம்."

அவர் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழவில்லை. குப்பையை அள்ளிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். என்னைப் போலவேதான் ஏழுமலையும் நினைத்திருக்கிறார். ஆனால் அதன் பலனை அவர் நெஞ்சுதான் சுமக்க வேண்டும், நான் நாளை விமானம் ஏறிவிடுவேன். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

பட்டறைக்கு ஓடினேன். அன்புவின் ஆட்டோ பாதி வழியில் நின்றுவிட, மீதித் தூரம் நடந்தேன். தூரத்திலேயே ஓட்டுக்கூரையின் இடுக்குகளில் புகை கசிந்துகொண்டிருந்தது. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சார்ப்பில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு புதுப் படம் தொங்கியது. பச்சை விளக்கோடு நான் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன், லேமினேட் செய்யப்பட்டு.

நேற்று அளந்தது செல்லாது, இப்போது மறுபடி அளக்க வேண்டும் என்றேன். தணிகாசலம் கருவியை என் கையிலிருந்து மரியாதையாக வாங்கி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

"அதான் அளந்தாச்சே சார். வெள்ளிக்கெழம அதுவுமா செவப்பு லைட்டெல்லாம் எதுக்கு? உங்க கலரு ஏறிக்கினு இருக்குது, உள்ள போயி பாருங்க. அதுக்குத்தானே அவ்ளோ தூரத்துலருந்து வந்தீங்க."

உள்ளே போனேன். கருவி வாங்கியதிலிருந்து முதல் முறையாக அது இல்லாமல் ஒரு காற்றுக்குள் நுழைந்தேன். விறகுப் புகை ஒரு பக்கம். அண்டாவில் கொதிக்கும் சாயத்திலிருந்து ஆவி. அந்த ஆவிக்குள் ஆசிட்டின் புளித்த நெடி, மூக்குக்குள் ஊசி ஏற்றியது போல. ஏழுமலை கம்புகளில் மாட்டிய பட்டு நூலைச் சாயத்தில் முக்கித் தூக்கித் திருப்பிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு துண்டைக் கட்டியிருந்தார். அந்தத் துண்டும் அரக்கு நிறமாக இருந்தது. என் மகளுடைய புடவையின் நிறம்.

துணியை எடுத்து ஒட்டிப் பார்க்கப் போனேன். கண்ணில் நீர் கொட்டியது. செங்கல்லும் தெரியவில்லை, பீட்ரூட்டும் தெரியவில்லை. கடல் தாண்டி வந்த காரியம் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். அந்த நிமிடத்தில் நான் குருடனாக நின்றேன். ஏழுமலை என் கையிலிருந்த துணியை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னும் ஒரு சிட்டிகை... கறுப்பு வேணும்... நான் பாத்துக்கறேன்... நீங்க வெளிய போங்க சார்."

போக முயன்றேன். அதற்குள் நெஞ்சு இறுகிவிட்டது. இழுக்கிற மூச்சு தொண்டையோடு நின்றது. இருமல் வந்தது, ஆனால் இருமவும் காற்று வேண்டுமே. யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள், ஏழுமலைதான். சார்ப்புக்கு வந்து தரையில் விழுந்தேன். சட்டைப் பையைத் துழாவி மருந்தை எடுத்து இரண்டு முறை உறிஞ்சினேன். உயிர் போய்விடும் என்றே அப்போது நினைத்தேன்.

தணிகாசலத்துக்கு வியர்த்துவிட்டது. "சோடா கொண்டாங்கடா! மலேசியா பார்ட்டிடா!" என்று கத்தினார். மின்சாரம் வேறு அப்போது பார்த்துப் போய்விட்டது. கைக்குக் கிடைத்ததை ஆணியிலிருந்து பிடுங்கி எனக்கு விசிறினார். எனக்கும் அவருக்கும் நடுவில் பச்சை விளக்கோடு என் முகம் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

மூச்சு திரும்ப அரைமணி நேரம் ஆனது. அதற்குள் அவர் முடிவெடுத்துவிட்டார்.

"நாளைக்கே கொத்தனார வச்சி ஜன்னல் ஒடைக்கிறேன் சார். வெளிநாட்டுலேருந்து கலரு பாக்க வர்றவங்களுக்கு இப்பிடி ஆவக் கூடாது. நீங்க நிக்கிற எடம் இருக்குது பாருங்க, வாசப் பக்கம், அங்க ஒண்ணு வச்சி, ஒரு ஃபேனும் போட்டுட்டா ஜில்லுனு இருக்கும்."

"எனக்கு எதற்குங்க? அவருக்கு வையுங்கள்" என்று ஏழுமலையைக் காட்டினேன்.

"அவனுக்குப் பழக்கம் சார்" என்றார் தணிகாசலம். கோபமே இல்லாமல், என்னைத் தேற்றுவதுபோல் சொன்னார். "பதினஞ்சு வருசமா அதே காத்துதானே."

ஐந்து நிமிட மூச்சுக்கு ஒரு சன்னல். பதினைந்து வருட மூச்சுக்கு ஒன்றுமில்லை. எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்தது. அதைச் சொல்லக் காற்று போதவில்லை.

சனிக்கிழமை மதியம் சென்னைக்குக் கிளம்ப வேண்டும். போகிற வழியில் கருவியை வாங்கிக்கொள்ளலாம் என்று பெட்டியோடு பட்டறையில் இறங்கி, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வாசலோரம் நின்றேன். முதலாளி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கொத்தனார் ஒருவர் சுத்தியலும் உளியுமாக வந்து இறங்கியிருந்தார். வாசல் பக்கச் சுவரில், பார்வையாளர் நிற்கும் இடத்துக்கு நேராக, சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டிருந்தது. அண்டாக்கள் அங்கிருந்து முப்பது அடி தள்ளி, பின்சுவர் ஓரம். அங்கே ஏழுமலை வழக்கம்போல் ஆவிக்குள் நின்று முக்கித் தூக்கிக்கொண்டிருந்தார்.

லாட்ஜ் வேலை முடிந்து கணவருக்குச் சோறு கொண்டுவந்த இந்திரா, தூக்குச் சட்டியைக் கீழே வைத்தார். சாக்பீஸ் கட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நேராகச் சுவரிடம் போய் முந்தானையால் கட்டத்தைத் துடைத்து அழித்தார். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டைப் பொறுக்கிக்கொண்டு போய், பின்சுவரில், அண்டாவுக்கு நேர் எதிரே ஒரு கட்டம் வரைந்தார். அழித்ததைவிட இரண்டு மடங்கு பெரியது.

"இங்கதான் ஒடைக்கணும்" என்றார்.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "மொதலாளி வாசப் பக்கம்னு சொன்னாரேம்மா."

"சொன்னாரு. அப்பறம் மாத்திட்டாரு."

"யாரு சொன்னா? போன் போட்டுக் கேக்கவா?"

"கல்யாணத்துல தாலி கட்ற நேரத்துல போன் எடுப்பாராப்பா? இதோ, மலேசியா சார் கூடத்தான் இருந்தாரு. இவருக்காகத்தான் இந்த ஜன்னலே. இவரக் கேளு."

கொத்தனார் என்னைப் பார்த்தார். ஏழுமலை கம்பைத் தூக்கியபடி நின்றுவிட்டார். முப்பது வருடம் தரம் பார்த்தவன் நான். சோதிக்காமல் ஒரு கையுறைக்குக்கூட முத்திரை போட்டதில்லை. கருவியோ டிராயருக்குள் பூட்டிக் கிடந்தது.

"ஆமாம்" என்றேன். "மாற்றிவிட்டார். என் காது கேட்கத்தான் சொன்னார்."

முதல் அடி விழுந்தது. பழைய சுவர். நான்காவது அடியில் ஒரு செங்கல் வெளிப்பக்கம் விழுந்து, அந்த ஓட்டை வழியாக வெயில் நீளமாக உள்ளே வந்தது. அந்த வெளிச்சத்தில்தான் நாங்கள் எதற்குள் நின்றுகொண்டிருந்தோம் என்று தெரிந்தது. புகை ஒரு கணம் தயங்கி, பிறகு ஓட்டையைக் கண்டுபிடித்துப் போக ஆரம்பித்தது. கொத்தனார் வேகமாகத் தட்டினார். அரைமணி நேரத்தில் ஓர் ஆள் தலையும் தோளும் நுழையும் அளவு ஆகிவிட்டது.

ஒரு சன்னல் கெட்டுப்போன நெஞ்சைத் திருப்பித் தராது. அது எனக்கும் தெரியும், இந்திராவுக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இரண்டாவது முறை வாங்கிய பாயசம்கூடத் தரவில்லை.

தணிகாசலம் பட்டு வேட்டியோடும் தாம்பூலப் பையோடும் வந்து இறங்கினார். வாசல் சுவரைப் பார்த்தார், முழுதாக இருந்தது. உள்ளே வந்தார். பின்சுவரைப் பார்த்தார்.

"எவன்டா இங்க ஒடைக்கச் சொன்னது?"

கொத்தனார் என்னைக் காட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் இந்திரா முன்னால் வந்தார்.

"நீங்கதான் மொதலாளி சொன்னீங்க, கலரு பாக்க வர்றவங்களுக்குன்னு. கலரு இங்கதானே இருக்குது?"

தணிகாசலம் என்னைப் பார்த்தார். நான் நெஞ்சில் கைவைத்து லேசாக இருமினேன். அந்த இருமலில் கொஞ்சம் நடிப்பும் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். தாம்பூலப் பையை அவர் மெதுவாக மேசைமேல் வைத்தார். பின்சந்தில் பக்கத்துப் பட்டறைக்காரன் எட்டிப் பார்ப்பான், கலரைத் திருடிவிடுவான், ஒரு திரையாவது போட வேண்டும் என்று முணுமுணுத்தார். சுவரை மறுபடி கட்டு என்று மட்டும் சொல்லவில்லை.

ஏழுமலை இதில் எதையும் கேட்கவில்லை. துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஓட்டைக்கு முகத்தைக் கொடுத்து நின்றிருந்தார். அவருடைய முதுகு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வேலை நேரத்தில் ஒரு தொழிலாளி சும்மா நின்று மூச்சு விடுவதைத் தணிகாசலம் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஏழுமல, கம்பத் திருப்பு. கலரு திட்டுத் திட்டா புடிச்சிக்கப்போவுது."

"தோ வர்றேன் மொதலாளி" என்றார் ஏழுமலை. இன்னும் ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் வந்தார்.